ஃபோர்டு 200 ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு மாற்று கார்புரேட்டர்: டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள்

1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அதில் இருப்பது 200 கன அங்குல, அதாவது 3.3 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். வண்டி என் கைக்கு வந்தபோதே முந்தைய உரிமையாளர் புதிய கார்புரேட்டர் ஒன்றைப் பூட்டியிருந்தார். ஐடிலிங் சீராக இருந்தது. ஆனால் மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் பிக்கப் இல்லை, நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓட்டினால் இன்ஜின் சூடேறியது. ஜெட்டை மாற்றச் சொன்னவர்களும் ஃப்ளோட் மட்டத்தைச் சரிசெய்யச் சொன்னவர்களும் உண்டு. தீப்பொறி விழும் நேரத்தை (டைமிங்) காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் காரணம் தெளிவாகியது.

1967 வரை வந்த இந்த ஆறு சிலிண்டர் ஃபோர்டுகளில் பெரும்பாலும் லோடோமேட்டிக் என்ற டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நேரத்தில் தீப்பொறியை அனுப்பும் பாகம்) இருக்கும். வேகம் கூடும்போது விரிந்து டைமிங்கை முன்னே தள்ளும் எடைக்கட்டிகள் அதனுள் கிடையாது. முழு அட்வான்ஸும், அதாவது தீப்பொறியை முன்கூட்டியே விழவைப்பதும், கார்புரேட்டரிலிருந்து வரும் வேக்குவத்தை (உறிஞ்சும் அழுத்தத்தை) நம்பியே இருக்கிறது. அதற்காகவே அசல் ஆட்டோலைட் 1100 கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஸ்பார்க் கண்ட்ரோல் வால்வு என்ற சிறு வால்வை வைத்தார்கள். காற்று விரைந்து செல்லும் வென்சுரியில் உண்டாகும் வேக்குவத்தையும் த்ராட்டில் தட்டுக்கு அருகே உண்டாகும் வேக்குவத்தையும் கலந்து ஒரே குழாயில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்புவதும், ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது வென்சுரியின் வேக்குவம் வீணாகாமல் காப்பதும் அதன் வேலை. இந்த வால்வு இல்லாத கார்புரேட்டரைப் பூட்டினால், த்ராட்டில் முழுவதும் திறந்த நிலையில் குழாயில் வேக்குவம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. தீப்பொறி தாமதமாகவே விழுகிறது. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தின் ஒரு பகுதி வேலையாக மாறாமல் எக்ஸாஸ்ட்டுக்கும் ரேடியேட்டருக்கும் போய்ச் சேருகிறது. என் வண்டியில் இருந்த கார்புரேட்டர் அப்படிப்பட்டதுதான். பொருளில் பழுதே இல்லை, அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு அது பொருந்தவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எவருக்கும் கடினமில்லை. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டைப் பிடித்தபடி இன்ஜின் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். இன்ஜின் கப்பியில் உள்ள டைமிங் குறி நகரவே இல்லையென்றால் உள்ளே எடைக்கட்டிகள் இல்லை. உங்களுக்கு வால்வுள்ள கார்புரேட்டர்தான் வேண்டும். குறி நகர்ந்தால், 1968 முதல் வந்த, எடைக்கட்டிகளாலும் வேக்குவத்தாலும் இயங்கும் இருவழி அட்வான்ஸ் டிஸ்ட்ரிபியூட்டரை யாரோ ஏற்கெனவே பொருத்தியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அப்போது உங்கள் தேர்வு மிகவும் விரிவடைகிறது. கார்டர் ஒய்எஃப், ஹோலி ஒற்றைக் குழல் எதுவானாலும் அதனோடு ஒத்துப்போகும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். கன அங்குலத்தை அதிகபட்ச சுழற்சி வேகத்தால் பெருக்கி 3456 ஆல் வகுத்தால், இன்ஜின் ஒரு நிமிடத்தில் இழுக்கக்கூடிய காற்று கன அடியில் கிடைக்கும். 200 கன அங்குலத்துக்கும் 4400 சுழற்சிக்கும் இது சுமார் 255. சிலிண்டர்கள் உண்மையில் காற்றால் நிரம்பும் திறனை 80 விழுக்காடு என்று கொண்டால் சுமார் 204. சாலையில் ஓடும் வண்டிக்கு இதைவிடப் பெரிய கார்புரேட்டரைத் தேடுவதில் பயன் குறைவு என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் இந்த இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டு தனிப் பாகமாக இல்லாமல் சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கிறது, அதை மாற்றிக்கொள்ள வழியில்லை. நடுச் சிலிண்டர்களுக்குக் கலவை எளிதில் போய்விடும். இரு முனைச் சிலிண்டர்கள் பெட்ரோல் குறைந்த, மெலிந்த கலவையோடு நிற்கும்.

மறுமொழி

என்னிடம் இருப்பது அதே 200 இன்ஜின் கொண்ட ஃபால்கன். நான் இருவழி அட்வான்ஸ் டிஸ்ட்ரிபியூட்டரை முதலில் பொருத்தி, அதன் பிறகே வெபர் 32/36 என்ற இரட்டைக் குழல் கார்புரேட்டரை வாங்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் வாங்குவோர் அதன் அடியில் எண்ணெய் பம்ப்பைச் சுழற்றும் அறுகோணத் தண்டின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில இன்ஜின்களில் 1/4 அங்குலம், சிலவற்றில் 5/16 அங்குலம்.

வெபரில் 32 மில்லிமீட்டர் குழல் முதலில் திறக்கும், 36 மில்லிமீட்டர் குழல் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்கும்போது பின்னால் திறக்கும். நகருக்குள் மெதுவாக ஓட்டும்போது கிடைக்கும் மென்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஹெட்டில் இருப்பது ஒரே துளை என்பதால் அடாப்டர் தட்டு கட்டாயம். அது சற்று வளைந்திருந்தாலும் காற்றுக் கசிந்து ஐடிலிங் குலையும். வெபர் அதிகப் பெட்ரோல் அழுத்தத்தைத் தாங்காது. ஃபோர்டின் மெக்கானிக்கல் பம்ப் தரும் அழுத்தத்தில் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிந்தது. ரெகுலேட்டர் வைத்து சுமார் 3 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்த பிறகு வழிவது நின்றது.

மறுமொழி

அசல் 1100ஐயே புதுப்பித்து வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். பெட்டியில் வரும் புதுப்பித்த கார்புரேட்டர்களில் ஒன்றின் உடலும் இன்னொன்றின் மூடியும் சேர்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். வால்வு இருக்க வேண்டிய இடம் அடைக்கப்பட்டிருந்ததும் உண்டு. ஆகவே மூடித் திருகின் கீழுள்ள தகட்டை மட்டும் நம்பாமல், பக்கவாட்டில் அந்த வால்வு உண்மையாகவே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு த்ராட்டில் ஷாஃப்ட்டை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அதில் ஆட்டம் இருந்தால், எவ்வளவு நல்ல கேஸ்கெட் தொகுப்பைப் போட்டாலும் அந்த இடைவெளி வழியே காற்று புகுந்துகொண்டே இருக்கும். லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, தேய்ந்த துளையில் புஷ் (உலோக வளையம்) அடிக்க வேண்டியதுதான்.

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டியானால் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். காலை எடுத்தவுடன் த்ராட்டில் சட்டென்று மூடி இன்ஜின் நின்றுவிடாமல் தாங்கும் டேஷ்பாட் என்ற சிறு பாகம் அந்த வண்டிகளின் 1100இல் உண்டு. மேனுவல் கியருக்கான கார்புரேட்டரில் அது இருக்காது. பணம் கொடுப்பதற்கு முன்பே விற்பவரிடம் படம் கேட்டு இதைப் பார்த்துவிடலாம்.