4,600 மீட்டர் கணவாய், 1,200 கிலோ டிரெய்லர்: இறக்கத்தில் பிரேக் தாங்குமா?

சரளைப்பாதை:
வணக்கம். வண்டி டர்போ டீசல், ஆட்டோமேட்டிக், பார்ட்-டைம் 4×4. ஏற்றிய எடை 2,500 கிலோ. டிரெய்லர் ஒற்றை ஆக்ஸில் ஆஃப்-ரோடு வகை. காலியாக 750 கிலோ. தண்ணீர், டீசல் கேன், கூரைக் கூடாரம் எல்லாம் சேர்த்தால் 1,200. கப்ளிங்கிலிருந்து ஆக்ஸில் வரை 3.5 மீட்டர். 50 மி.மீ. பால் ஹிட்ச். பிரேக் ஓவர்-ரன் டிரம் (டிரெய்லர் வண்டியைத் தள்ளும்போது தானே பிடிக்கும் வகை), ஆட்டோ-ரிவர்ஸ் (பின்னெடுக்கும்போது பிரேக்கை விடுவிக்கும் அமைப்பு) உள்ளது.

பாதையில் மூன்று கணவாய்கள், உயரமானது 4,600 மீட்டர். பெரும்பாலும் சரளை, நடுநடுவே தார். சராசரிச் சரிவு 10 சதவீதம், சில துண்டுகள் 25 வரை. ஓர் இடத்தில் 15 கிலோமீட்டரில் 1,500 மீட்டர் இறங்க வேண்டும்.

அந்த உயரத்தில் இன்ஜின் எவ்வளவு சக்தி இழக்கும்? டிரெய்லர் பிரேக் தாங்குமா? கொண்டை ஊசி வளைவுகளில் என்ன பார்க்க வேண்டும்? டயர் காற்று எவ்வளவு?

அச்சாணி:
ஏற்றத்தை விடுங்கள், இறக்கத்தைப் பார்ப்போம். 1,200 கிலோ 1,500 மீட்டர் இறங்கினால் 17.6 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 15 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் இறங்குகிறீர்கள் என்றால் சராசரியாக 6 கிலோவாட். சரளையின் உருளுதடை இதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்க வேண்டும், இல்லையென்றால் டிரெய்லரின் இரண்டு டிரம்களும் வாங்கும்: ஒவ்வொன்றுக்குள்ளும் 2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஹீட்டர் 50 நிமிடம் எரிவதற்குச் சமம்.

ஓவர்-ரன் பிரேக்கின் கோளாறு இங்கேதான். வண்டி எதனால் வேகம் குறைகிறது என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் பெடலைத் தொடாமல் கியரிலேயே அழகாக இறங்கினாலும், டிரெய்லர் கப்ளிங்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளும் வரை பிரேக்கும் பிடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் டிஸ்க் சில்லென்று இருக்கும், பின்னால் டிரம் வெந்துகொண்டிருக்கும். டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் உராய்வும் குறையும். அதற்குப் பிறகு டிரெய்லரின் முழுத் தள்ளலும் வண்டியின் பின் ஆக்ஸிலுக்கு வரும். வளைவில், சரளையில் அது வந்தால் வண்டியின் பின்பக்கம் வெளியே போகும்.

அதனால் ஒவ்வொரு 300 மீட்டர் உயர இழப்புக்கும் ஒரு முறை, சமதளமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் இரு டிரம்களையும் பாருங்கள். 200 டிகிரி செல்சியஸ் தாண்டியிருந்தால் 15 நிமிடம் காத்திருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் என்றால் கேபிள் சரிசெய்தல் பிசகியிருக்கிறது, அல்லது ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். டிரெய்லரின் ஹேண்ட்பிரேக்கையும் சூட்டில் இழுத்துவிட வேண்டாம். டயருக்குக் கட்டை போட்டால் போதும்.

இன்னொன்று: ஏற்றத்தில் இன்ஜின் நின்று வண்டி பின்னோக்கி உருண்டால், ஆட்டோ-ரிவர்ஸ் அதை "ரிவர்ஸ் எடுக்கிறார்" என்றே எடுத்துக்கொண்டு ஷூவை விடுவித்துவிடும். அந்த நேரத்தில் டிரெய்லருக்குப் பிரேக் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லோ-ரேஞ்ச்:
சக்தி பற்றி. 4,600 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 63 சதவீதம். டர்போ இல்லாத இன்ஜின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். டர்போ வேகமாகச் சுழன்று பெரும்பகுதியை ஈடுகட்டும். ஆனால் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறுவதற்கு முன், அதாவது 1,500 ஆர்.பி.எம்.முக்குக் கீழே, அதுவும் சோர்ந்த சின்ன இன்ஜின்தான். கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது மாட்டிக்கொள்வது அதனால்தான்.

கணக்குப் பார்த்தால் 3,700 கிலோவை 10 சதவீதச் சரிவில் 30 கி.மீ. வேகத்தில் இழுக்க, சக்கரத்தில் 36 கிலோவாட் போதும். 25 சதவீதத்தில் 10 கி.மீ. வேகம் என்றால் 27 கிலோவாட். எந்த டர்போ டீசலிடமும் அது உண்டு. உண்மையான சிக்கல் சூடு. ஹை ரேஞ்சில் (சாதாரண கியர் அடுக்கில்) மெதுவாக ஏறினால், இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். லோ ரேஞ்ச் (வேகம் குறைத்து இழுவிசை கூட்டும் கியர் அடுக்கு) போட்டு 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் வைத்திருங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் 120 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி, பார்க்கில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் 1,200 ஆர்.பி.எம்.மில் ஓடவிடுங்கள். அணைத்தால் பம்பும் நிற்கும், எண்ணெய் கூலருக்கே போகாது.

ரேடியேட்டருக்கும் இரட்டை அடி. மெல்லிய காற்று குறைவான வெப்பத்தையே எடுத்துச் செல்லும். மூடியின் அழுத்தம் வெளிக்காற்றுக்கு மேல் கணக்கிடப்படுவதால், 1.1 பார் மூடி போட்டிருந்தாலும் கூலண்ட்டின் கொதிநிலை கடல் மட்டத்தில் இருந்ததைவிட 6, 7 டிகிரி இறங்கிவிடும். மூடியின் ரப்பர் வாஷர் பழசானால் அதுவும் போச்சு. கிளம்பும் முன் புது மூடி போடுங்கள்.

உங்கள் வண்டிக் கையேட்டில் உயரத்துக்கான எடைக் கழிவு இருக்கிறதா என்று பாருங்கள். 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வண்டி, டிரெய்லர் கூட்டு எடையில் 10 சதவீதம் குறைக்கச் சொல்வது பல கையேடுகளில் உண்டு. கூட்டு எடை வரம்பு 6,000 கிலோ என்றால் 4,600 மீட்டரில் 3,840. உங்கள் 3,700 மயிரிழையில்தான் உள்ளே இருக்கிறது.

சரளைப்பாதை:
இருவருக்கும் நன்றி. இறக்கத்துக்கு ஹில் டிசென்ட் கன்ட்ரோல் பட்டன் இருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால் போதாதா? எலக்ட்ரிக் பிரேக்குக்கு மாற்றுவது பயன் தருமா?

அச்சாணி:
அந்தப் பட்டன் இன்ஜின் பிரேக் இல்லை நண்பரே. அது ஏ.பி.எஸ். பம்பு வழியாக வண்டியின் பிரேக்கையே விட்டு விட்டுப் பிடிக்கிறது. 100 மீட்டர் செங்குத்துப் பாறைப் படிக்கு அருமையானது. 15 கிலோமீட்டருக்குப் போட்டால், நீங்கள் பெடல் மேல் காலை வைத்தே இறங்குவதும் அதுவும் ஒன்றுதான்.

சரியான முறை: உச்சியிலேயே நின்று லோ ரேஞ்ச் போடுங்கள். மேனுவல் மோடில் 2 அல்லது 3ஆம் கியர். 'டி'யில் (டிரைவ்) விட்டால் கியர்பாக்ஸ் தானாக மேல் கியருக்குத் தாவும். 2,500 முதல் 3,500 ஆர்.பி.எம்.முக்குள் இன்ஜின் தானே நிலைக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் 3, 4 விநாடி அழுத்தமாகப் பிரேக் பிடித்து 500 ஆர்.பி.எம். இறக்கி, முழுசாக விட்டுவிடுங்கள். லேசாகத் தொட்டுக்கொண்டே வருவதுதான் பிரேக்கைக் கொல்லும். ஒரு நிமிடத்தில் மூன்றாவது முறை பிடிக்க வேண்டி வந்தால் கியர் தப்பு, ஒன்று இறக்குங்கள்.

இடையில் தார் வந்தால் கவனம். பார்ட்-டைம் 4×4-ல் நடு டிஃபரென்ஷியல் (முன், பின் ஆக்ஸில்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பாகம்) கிடையாது. தார் மேல் கொண்டை ஊசியில் 4 லோவில் (நான்கு சக்கர இழுவை, லோ ரேஞ்ச்) திருப்பினால் முன், பின் ஆக்ஸில்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஸ்டியரிங் கனக்கும், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் செயின் இழுபடும். நீண்ட தார் துண்டு என்றால் 2 ஹைக்கு (இரு சக்கர இழுவை, ஹை ரேஞ்ச்) மாறி முதல் கியரில் போங்கள்.

எலக்ட்ரிக் பிரேக் இந்தப் பாதைக்கு நல்லதுதான். எப்போது, எவ்வளவு என்பது உங்கள் கையில் இருக்கும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் வண்டியின் பிரேக்கைத் தொடாமல் ஓட்டுநர் பக்கம் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கை நெம்புகோலை மட்டும் அழுத்தி நேராக்கலாம்.

வயர்மேன்:
மாற்றினால் வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 10 அங்குல டிரம்மின் காந்தம் ஒன்று சுமார் 3.5 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் 7. கன்ட்ரோலரிலிருந்து ஆக்ஸில் வரை 6 மீட்டர், போக வர 12. 1 சதுர மி.மீ. வயரில் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5-ல் 0.6 தான். எர்த்தை சேஸிஸ் வழியாக விடாமல் தனி வயராக வண்டி வரை கொண்டு வாருங்கள். பால் ஹிட்ச் வழியாக வரும் எர்த் ஒவ்வொரு குலுக்கலுக்கும் விட்டு விட்டுப் பிடிக்கும்.

கெயின் (கன்ட்ரோலர் டிரெய்லர் பிரேக்குக்குத் தரும் பலத்தின் அளவு) வைக்க: சமதளச் சரளையில் 30 கி.மீ. வேகத்தில் கை நெம்புகோலை முழுசாக அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை கூட்டி, ஒரு படி குறையுங்கள். தாரில் வைத்த கெயின் சரளைக்கு அதிகம். பூட்டிய சக்கரம் சரிவில் பக்கவாட்டாக வழுக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். டிரம் சுழன்றால்தான் காந்தம் ஷூவை இழுக்கும். நின்ற நிலையில் எலக்ட்ரிக் பிரேக் டிரெய்லரைப் பிடித்து வைக்காது.

பின்சக்கரம்:
கொண்டை ஊசிக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை. டிரெய்லர் வண்டியின் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டும். எவ்வளவு என்று வீட்டிலேயே கணக்கிடலாம். வண்டியின் பின் ஆக்ஸில் திரும்பும் ஆரத்தின் வர்க்கத்தோடு, பின் ஆக்ஸிலிலிருந்து ஹிட்ச் வரையுள்ள தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, கப்ளிங்கிலிருந்து டிரெய்லர் ஆக்ஸில் வரையுள்ள நீளத்தின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். ஆரம் 6 மீட்டர், ஹிட்ச் 1.2, உங்கள் 3.5 என்றால் 5.0 வருகிறது, அதாவது 1 மீட்டர் உள்ளே. நீளம் 2.5 ஆக இருந்தால் 40 செ.மீ. தான், 4.5 என்றால் 1.85 மீட்டர். இழுவைக் கம்பியின் நீளத்தில் ஒரு மீட்டர் கூடினால் வளைவில் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

ஆகவே வளைவுக்குள் ஆழமாக நேரே போய்த் தாமதமாகத் திருப்புங்கள். ஆனால் வெளி ஓரம் மழையில் ஊறியிருந்தால் நம்ப முடியாது, முதலில் இறங்கி நடந்து பாருங்கள். வழிகாட்ட நிற்பவர் வளைவின் உள்பக்கத்தில், டிரெய்லர் டயர் தெரியும் இடத்தில், ஓட்டுநர் பார்வையில் நிற்க வேண்டும். டிரெய்லருக்குக் கீழ்ச்சரிவில் ஒருபோதும் கூடாது.

ஒரே வீச்சில் திரும்பாது என்று தெரிந்தால், டிரெய்லர் 45 டிகிரி மடங்கும் முன்னரே நிறுத்தி நேராகப் பின்னெடுங்கள். மடங்கிய பிறகு பின்னெடுத்தால் இன்னும் மடங்கும். பின்கதவு ஸ்பேர் வீலுக்கும் டிரெய்லர் முன் பெட்டிக்கும் இடைவெளி போதுமா என்பதை முன்பே சமதளத்தில் முழுத் திருப்பத்தில் சோதித்துவிடுங்கள்.

பால் ஹிட்ச் இந்தப் பாதைக்கு எனக்கு ஒப்புதல் இல்லை. வண்டி ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாய்ந்தால் கப்ளிங்கின் உதடு பாலின் கழுத்தில் முட்டி நெம்பும். மூன்று அச்சிலும் சுழலும் ஆஃப்-ரோடு கப்ளிங் போடுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கம்பிக்கு அடியில் குறுக்காகப் போட்டால், கழன்றாலும் கம்பி மண்ணில் குத்தாமல் அதன் மேல் விழும்.

எடை வைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஹிட்ச் மேல் 120 கிலோ இறங்கட்டும். கூரைக் கூடாரத்தால் எடை மையம் ஹிட்ச்சைவிட 40 செ.மீ. உயரத்தில் இருந்தால், 25 சதவீத ஏற்றத்தில் அதில் 33 கிலோ குறைந்துவிடும். பின்னால் தொங்கும் டீசல் கேன்களை ஆக்ஸிலுக்கு முன் கொண்டு வாருங்கள்.

லோ-ரேஞ்ச்:
டயர் கேள்வி விட்டுப்போனது. சரளைக்கு உங்கள் எடையில் டிரெய்லருக்கு 25 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம், ஆனால் டயரின் சுமை அட்டவணையைப் பார்த்துவிட்டு. உயரம் ஏறினால் அளவி கூடக் காட்டும்: 500 மீட்டரிலிருந்து 4,600 வரை வெளிக்காற்று 5.6 பி.எஸ்.ஐ. குறைகிறது. 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 4 பி.எஸ்.ஐ. இறங்கும். இரண்டும் ஏறக்குறைய சமன். எனவே உச்சியில் 31 காட்டுகிறதே என்று சூடான டயரில் காற்றைத் திறந்து 25 ஆக்காதீர்கள். அடிவாரத்தில் மறுநாள் காலையில் 18 இருக்கும், அதோடு தாரில் ஓடினால் பக்கச்சுவர் வேகும்.

பேரிங்: கிளம்பும் முன் கழுவிப் புது கிரீஸ். பேரிங்கைப் பிடிக்கும் கேஸில் நட்டை (காட்டர் பின் நுழையப் பள்ளங்கள் உள்ள நட்டு) சக்கரத்தைச் சுழற்றியபடியே இறுக்கி, தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, காட்டர் பின் போடுங்கள். உள், வெளி பேரிங் ஒரு ஜோடி, சீல், காட்டர் பின் கையில் இருக்கட்டும். சூடான ஹப் ஓடைக்குள் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாக நீரை உறிஞ்சும். 15 நிமிடம் ஆறவிட்டுக் கடக்கவும். கிரீஸ் வெண்மையாகப் பால் போல் இருந்தால் நீர் புகுந்துவிட்டது, மாற்றுங்கள். லீஃப் ஸ்பிரிங் யு-போல்ட்டை முதல் 80 கிலோமீட்டர் சரளைக்குப் பிறகு ஒருமுறை இறுக்குங்கள்.

சரளைப்பாதை:
கடைசியாக ஒன்று. வளைவில் சிக்கி, சரிவிலேயே டிரெய்லரைக் கழற்ற வேண்டி வந்தால்?

அச்சாணி:
கழற்றாமல் இருப்பதே மேல். வேறு வழியில்லை என்றால்: வண்டியின் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, டிரெய்லரின் இரண்டு சக்கரங்களுக்கும் கீழ்ச்சரிவுப் பக்கம் கட்டை வையுங்கள், உருண்டைக் கல் வேண்டாம். பிறகு டிரெய்லர் ஹேண்ட்பிரேக்கை முழு உயரத்துக்கு இழுங்கள். ஆட்டோ-ரிவர்ஸ் உள்ளதால் டிரெய்லர் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்த பிறகுதான் அது பிடிக்கும். அதனால் வண்டியை மெல்ல விட்டு, டிரெய்லர் கட்டையில் உட்காரட்டும். அது அசையாமல் நிற்கிறதென்று பார்த்த பின்பே ஜாக்கி வீலை (டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் சிறு சக்கரம்) இறக்கிக் கப்ளிங்கைத் திறக்கவும். சங்கிலியும் பிரேக்அவே கேபிளும் (டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கை இழுக்கும் கேபிள்) கடைசியில்தான்.