மொறிஸ் மைனர்: மிதி மெல்ல இறங்குகிறது, இந்தப் பம்பைப் பூட்டலாமா?

சாவகச்சேரி மைனர்:
வணக்கம் அண்ணைமார். அப்பாவின் 1960 மொறிஸ் மைனர் கார், 948 சிசி. பிரேக்கை மிதித்தால் மேலேயே பிடிக்கிறது. ஆனால் சந்தியில் காலை வைத்துக்கொண்டு நின்றால் மிதி மெல்ல மெல்லக் கீழே போகிறது. நாலு சில்லிலும் கசிவு இல்லை, ஒயிலும் குறையவில்லை. போன மாதம் கராச்சில் மாஸ்டர் பம்புக்கு (மிதித்தால் சில்லுகளுக்குப் பிரேக் ஒயிலைத் தள்ளுகிற பம்ப்) றப்பர் மாற்றினார்கள். மூன்று நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான்.

'மைனருக்கு உள்ளதுதான்' என்று ஒரு கடையில் புதுப் பம்ப் தந்தார்கள். கழற்றிய பழைய றப்பர் மேசையில் கிடந்தது, அதை இதற்குள் விட்டுப் பார்த்தேன். போகவே இல்லை. அளந்தால் உள்விட்டம் 19 மி.மீ. பூட்டலாமா? இல்லையென்றால் பிந்திய 1098 சிசி மைனரின் பம்ப் சரிவருமா?

கொக்குவில் கராச்:
தம்பி, அதைப் பூட்ட வேண்டாம். மைனருக்கு 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ. உமக்குத் தந்தது 3/4 அங்குலம். மூன்று மி.மீ. தானே என்று நினைப்பீர். பரப்பைக் கணக்குப் பார்த்தால் காற்பங்குக்கு மேல் குறைகிறது, அதே மிதிக்கு அவ்வளவு ஒயில் குறைவாகப் போகும். நாலு சில்லும் டிரம் பிரேக். லைனர் போய்ப் பிடிக்க முன்னமே மிதி தரையில் நிற்கும். நாலு சில்லுக்கும் ஒரே ஒயில் லைன் உள்ள கார் வேறு, பம்ப் கைவிட்டால் மிச்சம் கைபிரேக் மட்டும்தான்.

1098-இன் பம்ப் தாராளமாகப் பொருந்தும். 1962-இல் முன் டிரம்தான் 7 அங்குலத்திலிருந்து 8 ஆனது, அதனால் சில்லுச் சிலிண்டர்களைத்தான் மாறிப் போடக்கூடாது. முன்னுக்கு டிஸ்க் மாற்றிய காருக்கென்று விற்கிற பம்பையும் எடுக்காதையும். உள்ளே கடைசியில் இருக்கிற, லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கிற வால்வு அதில் இல்லாமல் வரலாம், டிரம்முக்கு அது வேண்டும்.

பழைய இரும்பு:
மூன்று நாளில் றப்பர் போனதென்றால் பிழை றப்பரில் இல்லை. பம்பைக் கழற்றி உள்ளே நகத்தால் தடவிப் பாருங்கள். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், தண்ணீர் அடிப்பக்கத்தில் தங்கி அரித்திருக்கும். நகம் தட்டுப்பட்டால் எத்தனை றப்பர் போட்டாலும் வீண்.

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தை முழுக்க அலைவதைவிட, பழைய பம்பின் உடம்புக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (உட்குழாய்) அடித்து 7/8-க்குக் கடைவிக்கலாம். லேத்காரரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: மேலே ஒயில் இறங்கும் இரண்டு துளைகளையும் ஸ்லீவிலும் போட வேண்டும். சின்னது ஊசித் துளை. அது அடைபட்டால் பிரேக் விடாது, சில்லு சூடாகும். பிசிறு இருந்தால் முதல் மிதியிலேயே றப்பரைக் கிழிக்கும்.

இன்னொன்று. யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. அந்தப் பழக்கத்தில் பிரேக் சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். றப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஒயிலிலேயே கழுவுங்கள்.

சாவகச்சேரி மைனர்:
கார்பெட்டைத் தூக்கி, ஒயில் விடுகிற மூடியைத் திறந்து பம்பைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் போல்ட் பாதி வந்து டோர்ஷன் பாரில் (முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக இருக்கிற நீட்டுக் கம்பி) முட்டி நிற்கிறது!

கொக்குவில் கராச்:
எல்லாருக்கும் அங்கேதான் நிற்கும். காரை நன்றாகத் தாங்கு கொடுத்து நிறுத்திவிட்டு, பாரைக் கொஞ்சம் நெம்பி ஒதுக்கி எடும். திரும்பப் பூட்டும்போது போல்டை மறுபக்கத்தால் விடும், அடுத்த முறை இந்தக் கரைச்சல் இல்லை. மிதிக்கும் பம்புக்கும் இடையில் கொஞ்சம் ஆட்டம் விட மறக்காதையும்.

சாவகச்சேரி மைனர்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நகம் இரண்டு இடத்தில் தட்டுப்பட்டது, கறுத்த குழிகள். ஸ்லீவ் அடித்து, போல்டைத் திருப்பிப் பூட்டி, காற்று எடுத்தாயிற்று. என்ஜினை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் மிதித்தபடி இருந்தேன், அசையவில்லை. கடைக்காரர் மற்றப் பம்பைத் திருப்பி எடுக்க மாட்டாராம். 3/4 அங்குலம் தேவைப்படுகிற கார் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.