செருகி, சுரை, மடை: ‘லைன் அவுட்’ துளைக்கு ஒரு தமிழ்ப்பெயர்

முதல் மடல்: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாட்டுக் கேட்கும் கையடக்கக் கருவி ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ‘துணைக்கருவிகளை இணைத்தல்’ என்னும் பகுதியில் மூன்று நாளாக நகராமல் நிற்கிறேன். கருவியின் அடிப்பக்கத்தில் 3.5 மில்லிமீட்டர் துளைகள் இரண்டு அருகருகே இருக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று ஹெட்போனுக்கு உரியது. மற்றொன்று ‘லைன் அவுட்’ எனப்படுவது.

‘அவுட்புட்’ என்பதற்கு எல்லோரையும்போல நானும் ‘வெளியீடு’ என்றே எழுதினேன். வரைவைப் படித்துப்பார்த்த என் தங்கை, ‘ஒலி வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற இடத்தில் நின்று, எந்தப் படத்தினுடையது என்று கேட்டாள். இசை வெளியீட்டு விழாக்களைக் கேட்டுப் பழகிய காதில் அது அப்படித்தான் விழும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ‘லைன் அவுட்’ என்பதை ‘வரி வெளியீடு’ என்று வைத்திருந்தேன். அதை அவள் வருமான வரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். ‘பிளக்’ என்பதற்குச் ‘செருகி’ என்று போட்டதில் விளைந்த வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: ‘செருகியைச் செருகுதுளையில் செருகி மெல்ல அழுத்தவும்.’

பிளக், அது புகும் ஜாக், லைன் அவுட் ஆகிய மூன்றுக்கும் சொல் வேண்டும். கடைசிச் சொல் கருவியின் திரையிலும் வருவதால், இடைவெளியையும் சேர்த்து 12 எழுத்துக்கு மேல் இடமில்லை.

மறுமொழி: மின்னணுப் பொறியாளர்

பெயர் வைப்பதற்கு முன் பொருளைப் பார்த்துவிடுவது நல்லது. துளைகள் இரண்டும் ஒரே வடிவம் என்பதால், வடிவத்தை வைத்துப் பெயரிட்டால் பயனர் ஏமாறுவார். ஹெட்போன் துளையில் வருவது, கருவிக்குள் இருக்கும் சிறு பெருக்கியைக் கடந்து வரும் ஒலி. ஒலியளவைக் கூட்டினால் கூடும், குறைத்தால் குறையும். (‘ஒலிபெருக்கி’ என்று எழுதாமல் ‘பெருக்கி’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு, அந்தச் சொல்லை உலக வழக்கு ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டது, இனித் திரும்பப் பெற முடியாது.) லைன் அவுட்டில் வருவதோ, ஒலியளவுப் பொத்தானுக்குக் கட்டுப்படாமல் ஒரே மட்டத்தில் நிற்கும் சைகை (சிக்னல்). வீட்டுக் கருவிகளில் அதற்கென வகுத்த மட்டம் ஏறத்தாழ 0.316 வோல்ட். வெளியே ஒரு பெருக்கியோ பதிவுக்கருவியோ இருந்து ஒலியளவைக் கவனித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அமைந்தது அது.

இடம் மாறினால் தொல்லைதான். லைன் அவுட்டில் ஹெட்போனைச் செருகியவர், ஒலியைக் குறைக்க வழி தெரியாமல் அதைக் காதிலிருந்து பிடுங்குவார். ஹெட்போன் துளையிலிருந்து பெருக்கிக்குக் கம்பி இழுத்தவருக்கு, ஏற்கெனவே பெருக்கிய ஒலி மறுபடியும் பெருகி, ஒலியளவு உச்சத்தில் இருந்தால் பாட்டெல்லாம் கரகரக்கும். ஆகவே ‘லைன்’ என்பதைப் பெயர்க்கவே வேண்டாம். அது கம்பித்தடங்களின் காலத்து வழக்கு. இந்தச் செருகியின் வடிவமே, தொலைபேசி இணைப்பகங்களில் இணைப்பு மாற்றுவதற்குக் கையாண்ட 6.35 மில்லிமீட்டர் செருகியின் சிறுவடிவந்தான். தமிழ்ப்பெயரில் வர வேண்டியது ‘அளவு மாறாமை’.

மறுமொழி: தமிழாசிரியர்

தம்பி, ‘செருகி’ என்று எழுதியதற்கு நீங்கள் கூசவேண்டியதில்லை. இகர விகுதி கருவிப்பொருளில் வரும் என்பதற்கு மண்வெட்டி போதுமான சான்று. பெயரா வினையெச்சமா என்னும் ஐயம், சொல் தனித்து நிற்பதால் எழுவது. முன்னே ஒரு பெயரைச் சேர்த்தால் தீர்ந்துவிடும். ஆனால் ‘ஒலிசெருகி’ என்று எழுதிவிடாதீர்கள். விறகுவெட்டி விறகை வெட்டுவதுபோல் அது ஒலியைச் செருகுவதாகிவிடும். ‘ஒலிச்செருகி’ என்று வல்லினம் மிகுந்தால்தான் ஒலிக்குரிய செருகி.

இருந்தாலும் செருகியைவிடச் சிறந்த சொல் நம்மிடம் இருக்கும்போது அதை ஏன் எடுக்கவில்லை என்பதே என் கேள்வி. புறநானூற்றின் 97ஆம் பாட்டில், அதியமானின் வேல்கள் ஓயாத போரினால் ‘சுரை தழீஇய இருங்காழொடு மடை கலங்கி நிலைதிரிந்தன’ என்கிறார் ஔவையார். காழ் என்பது வேலின் காம்பு. சுரை என்பது அக்காம்பு புகுந்து நிற்கும் உட்குழல். ஒன்று மற்றொன்றைத் தழுவி நிற்கிறது. பிளக்குக்கும் ஜாக்குக்கும் இதைக்காட்டிலும் பொருத்தமான இணைச்சொற்களை எந்த அகராதியிலும் காட்ட முடியாது. ‘மடை கலங்கி நிலைதிரிந்தன’ என்பதையும் விட்டுவிடாதீர்கள்: நாள்தோறும் செருகியும் உருவியும் மூட்டு ஆட்டங்கண்ட ஜாக்கின் நோயை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லிவிட முடியுமா? தோட்டின் திருகாணி புகும் குழலுக்கும் சுரை என்னும் பெயர் உண்டு. காதை ஒட்டி வாழ்ந்த சொல்லைக் காதுக்குரிய கருவிக்குத் தருவதில் என்ன தடை?

மடை என்னும் சொல்லும் நமக்கு உதவும். மூட்டும் மடை, நீரைத் திறந்துவிடும் வாயும் மடை. ஒலி வெளியேறும் மூட்டு ‘ஒலிமடை’. பொறியாளர் கேட்கும் அளவு மாறாமையைச் சேர்த்தால் ‘மாறாமடை’. நான்கே எழுத்து, திரையில் எட்டு எழுத்துக்கு இடம் மிச்சம்.

மறுமொழி: பழுதுபார்ப்பவர்

ஐயா மன்னிக்க வேண்டும். ஏட்டுச்சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது நிஜமாகவே ஏட்டுச்சுரை. ‘காழைச் சுரையில் செலுத்தவும்’ என்று அச்சிட்டுக் கொடுத்தால், வாங்கியவர் கருவியோடு வேல் ஒன்றும் வந்திருக்கிறதா என்று பெட்டிக்குள் தேடுவார்.

என் மேசைக்குக் கருவியைக் கொண்டுவருபவர்கள் ‘பின்’ என்கிறார்கள், ‘ஜாக்’ என்கிறார்கள், அவசரத்தில் ‘ஓட்டை’ என்கிறார்கள். சுரை என்றவரை இதுவரை பார்த்ததில்லை. அடிக்கடி வரும் குறை ஒன்றைச் சொல்கிறேன். பாட்டில் வாத்தியங்கள் எல்லாம் கேட்கின்றன, பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, கருவி கெட்டுவிட்டது என்பார்கள். கருவி கெட்டிருக்காது. துளையின் அடியில் சட்டைப்பைப் பஞ்சு திரண்டு கிடக்கும்; பின் கடைசிவரை இறங்கியிருக்காது. அதன் நுனி இடப்பக்க ஒலிக்கும், நடுவில் உள்ள வளையம் வலப்பக்க ஒலிக்கும், அடியில் உள்ள உறை இரண்டுக்கும் பொதுவான திரும்புவழிக்கும் உரியவை. அந்தப் பொதுவழி தொடாமல் நின்றால் இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே காதுக்கு வரும். இரு பக்கத்திலும் சமமாகப் பதிவான குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோகும். மரக்குச்சியின் முனையால் பஞ்சைக் கிளறி எடுத்துவிட்டுப் பின்னை அழுத்தினால், ‘டக்’ என்று உட்காரும், குரல் திரும்பிவரும். கையேட்டில் எழுத வேண்டியது அந்த ‘டக்’. பெயர் ஜாக் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

மறுமொழி: தமிழாசிரியர்

‘ஜாக்’ என்பதன் முதலெழுத்தும் தமிழன்று; ‘லைன்’ என்பதன் முதலெழுத்தான லகரமோ மொழிக்கு முதலில் வாராது. ‘பின்’ ஒன்றுதான் எழுத்தால் பழுதில்லாதது, அதுவும் நமக்குப் பின்னால் என்னும் பொருளில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிற சொல். மக்கள் சொல்வதையெல்லாம் கலைச்சொல்லாக ஏற்பதென்றால் இந்தக் குழுமம் எதற்கு?

மறுமொழி: அறிவியல் ஆசிரியை

ஐயா அவர்களுக்கு என் வணக்கம். நான் வகுப்பறையிலிருந்து பேசுகிறேன். செய்முறைப் பாடத்தில் ‘பின்னைப் பின்பக்கம் செருகிய பின்’ என்று நானே ஒருமுறை சொல்லி, வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆகையால் பின் வேண்டாம் என்பதில் ஐயாவோடு உடன்படுகிறேன். ஆண் இணைப்பி, பெண் இணைப்பி என்று சில பாடக்குறிப்புகளில் வருவதையும் இங்கே யாரும் எடுத்துவர வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். அதை விளக்கப்போய் அந்தப் பாடவேளையே வீணாகும்.

‘வாய்’ நல்ல சொல். கால்வாய் என்பதை முன்பின்னாக மாற்றி வாய்க்கால் ஆக்கிக்கொண்ட மொழி நம்முடையது. எங்கே வைத்தாலும் அது பொருந்தும். ஜாக் என்பதற்குச் ‘செருகுவாய்’ என்று வைத்தால் என்ன?

மறுமொழி: தமிழாசிரியர்

அம்மா, ‘நீ செருகுவாய்’ என்று முன்னிலை ஒருமையில் பயனரைப் பார்த்து எதிர்காலம் உரைப்பதுபோல் ஆகிவிடும். மற்ற எல்லா இடத்திலும் ‘செருகவும்’ என்று மரியாதையாகப் பேசும் கையேடு, துளையைக் காட்டும்போது மட்டும் ஒருமைக்கு இறங்குவானேன்?

மறுமொழி: அறிவியல் ஆசிரியை

உண்மைதான், எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் ‘துளை’ என்றே விட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பவர் முதல் மடலிலேயே தம்மை அறியாமல் ‘துளைகள் இரண்டு’ என்றுதான் எழுதியிருக்கிறார். நாம் எல்லோரும் ஐயமின்றிப் புரிந்துகொண்டோம். ‘ஹெட்போன் துளை’, ‘மாறா அளவுத் துளை’. எழுத்தையும் எண்ணிவிட்டேன்: பின்னது இடைவெளியோடு 10.

மறுமொழி: மின்னணுப் பொறியாளர்

‘மாறா அளவு’ எனக்கு உடன்பாடு. துளை என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே திரைப்பட்டியலில் மூன்றாவது வரியாகப் புளூடூத்தும் வரும். அதற்குத் துளை ஏது? மூன்றுக்கும் பொதுவான தலைப்புக்கு ஒரு சொல் வேண்டும், அது ‘வெளியீடு’ ஆக இருக்கக் கூடாது என்பதில் தங்கை பக்கமே நிற்கிறேன். ‘ஒலிவழி’ என்று முன்மொழிகிறேன். ஒலிவழி: ஹெட்போன், மாறா அளவு, புளூடூத். துளை என்னும் சொல் கருவியின் உடலைப் பற்றிப் பேசும்போது மட்டும் வரட்டும்.

புளூடூத் பகுதியில் ‘இணைசேர்த்தல்’ என்று எழுதியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். அது விலங்கியல் பாடத்துக்கு உரியது.

மைக் சேர்ந்த ஹெட்போன்களுக்கு ஒரு சொற்றொடர் கூடுதலாகத் தேவைப்படும். அவற்றின் செருகியில் வளையம் இரண்டு, தொடுமுனை நான்கு. இவற்றில் இரு வகை உண்டு: ஒரு வகையில் இரண்டாம் வளையம் பொதுவழி, உறை மைக், மற்றதில் இவை இடம் மாறியிருக்கும். வகை மாறிய கருவியில் செருகினால், பழுதுபார்ப்பவர் சொன்ன அதே கிணற்றுக்குரல் கேட்கும். இந்த முறை பஞ்சைக் கிளறிப் பயனில்லை. ஆகையால் ‘நான்முனைச் செருகி’ என்ற சொல்லும், மைக் எந்த முனையில் இருக்கிறது என்ற குறிப்பும் கையேட்டில் இடம்பெற வேண்டும்.

மறுமொழி: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

அனைவருக்கும் நன்றி. வியாழன் இரவு இதை எழுதுகிறேன். கருத்துச் சொன்ன ஒன்பது பேரில் ஆறு பேர் ‘மாறா அளவு’ என்பதற்கும், ஐந்து பேர் ‘ஒலிவழி’ என்பதற்கும் இசைந்திருக்கிறார்கள். அவர்களில் இருவர், வேறு நல்லது தோன்றாததால் இசைவதாகத் தனிமடலில் தெரிவித்தார்கள். ‘செருகி’ நிற்கிறது, முதல்முறை வரும் இடத்தில் மட்டும், ஐயாவின் வல்லினத்தோடு, ‘ஒலிச்செருகி’ என்று எழுதியிருக்கிறேன். ஜாக் துளையாகிவிட்டது. என்னைத் தடுக்கி விழவைத்த அந்த வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: ‘ஒலிச்செருகியை ஹெட்போன் துளையில் வைத்து, டக் என்ற ஓசை கேட்கும்வரை அழுத்தவும்.’ கீழே எச்சரிக்கையாக, ‘மாறா அளவுத் துளையில் ஹெட்போனைச் செருக வேண்டாம், ஒலியளவைக் குறைக்க இயலாது’ என்று சேர்த்திருக்கிறேன். ஹெட்போன் ஹெட்போனாகவே இருக்கிறது. ‘காதணி’ என்று தொடங்கும் பரிந்துரைகள் நான்கு வந்தன. நான்கும் நகைக்கடைக்கே போயின, பொறுத்தருள்க.

மறுமொழி: மின்னணுப் பொறியாளர்

சனிக்கிழமை எழுதுவதற்கு வருந்துகிறேன். வெள்ளிக்கிழமையே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சில கருவிகளில் லைன் அவுட்டின் மட்டத்தையே, நிலையாக நிற்பதா ஒலியளவுப் பொத்தானுக்குக் கட்டுப்படுவதா என்று பயனர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தங்கள் கருவியின் அடுத்த பதிப்பில் அந்த வசதி வந்தால், திரையில் ‘மாறா அளவு: மாறும்’ என்று தெரியும். வேறு சொல் பார்த்துவைப்பது நல்லது.

மறுமொழி: தமிழாசிரியர்

சுரைக்கு அந்தத் தொல்லை இல்லை.