அடுப்படி டேபிள் டாப்பை ரூட்டர் இல்லாமல் மூட்டியவர்கள் வாங்க, சொல்லுங்க

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் தீபாவளி நெருங்கும்போது கேபினெட் செய்பவர்களைப் பிடிப்பது முடியாத காரியம். எங்கள் அடுப்படியில் பழைய கொங்கிரிட் மேடையை உடைத்தாயிற்று, கீழ்க் கேபினெட்டும் வந்து உட்கார்ந்துவிட்டது. மேலே போடும் பலகைதான் பாக்கி. கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: "திருநாள் போகட்டும், பார்க்கலாம்." முறுக்கும் அதிரசமும் அதுவரை காத்திருக்காது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். சரி, நாமே போடுவோம் என்று இறங்கினேன். 'எல்' வடிவம், மூலையில் ஒரு மூட்டு. கையில் இருந்தது டிரில், கைவாள், இழைப்புளி, உளி, அரம். ரூட்டரும் (பலகையில் பள்ளமும் வளைவும் குடையும் மின்கருவி) கிடையாது, அதை வழிநடத்தும் அச்சுப் பலகையான ஜிக்கும் கிடையாது.

முதலில் ஒரு விஷயம். இது புரிந்த பிறகுதான் எனக்கே தைரியம் வந்தது. வீடியோக்களில் எல்லோரும் ரூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவதற்குக் காரணம் பலகையின் முன்விளிம்பு. ஃபார்மிக்கா ஒட்டிய ரெடிமேட் பலகைகளில் பலவற்றுக்கு அந்த விளிம்பு உருண்டையாக வளைந்திருக்கும். அப்படிப்பட்ட இரண்டு பலகைகள் மூலையில் சந்தித்தால், உருண்டையோடு நேர்முனை ஒட்டாது. ஆகவே முன்னால் கொஞ்ச தூரம் 45 டிகிரியில் சாய்த்து வெட்டி, அப்புறம் நேராகப் போக வேண்டும். இரண்டு பலகையிலும் அந்த வெட்டு அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும். கைவாளால் அதை முயல்வது வீண் வம்பு. முன்விளிம்பு சதுரமாக உள்ள பலகையை வாங்கினால் இந்த வெட்டே தேவையில்லை. ஒன்றின் முனையை மற்றதன் பக்கத்தில் நேராக முட்டவைத்தால் முடிந்தது. கடையில் நிறம் பார்ப்பதற்கு முன் விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

அடுத்தது மூலை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் சிமெண்ட் பூசும்போது மூலையில் கலவை தடித்துப்போவது சகஜம், 90 டிகிரி என்று நம்பி வெட்டக் கூடாது. ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்துக் குறுக்கே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். எனக்கு வரவில்லை. பிசகு சிறியது என்பதால் மூட்டை நேர்கோணத்திலேயே வைத்துக்கொண்டு, சுவரோரத்தில் பலகையை இழைத்துக் கொடுத்தேன். சுவரோர இடைவெளியை மேலே ஒட்டும் டைல்ஸ் மறைத்துவிடும், மூட்டில் விழும் இடைவெளியை எதுவும் மறைக்காது. பிசகு பெரிதென்றால் முட்டும் முனையையே அந்தக் கோணத்துக்கு வெட்டத்தான் வேண்டும்.

வெட்டும்போது கைவாளுக்கு நல்ல முகம் மேலே. ஜிக்சா (மேலும் கீழும் ஓடும் மின்வாள்) இருந்தால் நல்ல முகம் கீழே. பல் எந்தப் பக்கமாக வெளியேறுகிறதோ அந்தப் பக்கம்தான் ஃபார்மிக்கா சிதறும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கத்தியால் ஆழமாகக் கீறி, கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டு அறுத்தேன். மிச்சத்தை இழைப்புளியும் அரமும் பார்த்துக்கொண்டன. அரத்தை முகத்திலிருந்து கீழ்நோக்கித்தான் தள்ள வேண்டும். மேல்நோக்கிப் போனால் விளிம்பு பெயர்ந்துவிடும்.

இனி போல்ட். இரண்டு பலகையையும் அடியிலிருந்து இழுத்துப் பிடிப்பது அதுதான்: 6 மில்லி கனத்தில் நீளமான போல்ட், இரண்டு பக்கமும் அரைவட்ட வாஷர். அது உட்காரும் பள்ளத்தை ரூட்டரால்தான் தோண்டுவார்கள். நான் கேபினெட் கதவுக் கீலுக்குக் குழி போடும் 35 மில்லி பிட்டை எடுத்துக்கொண்டேன். ஒரு போல்ட்டுக்கு ஒவ்வொரு பலகையின் அடியிலும் ஒரு குழி. குழியிலிருந்து விளிம்பு வரை சின்ன பிட்டால் வரிசையாகத் துளைத்து, உளியால் சுரண்டி ஒரு வாய்க்கால். பார்க்க அழகாக இருக்காது, யாரும் குனிந்து பார்க்கப்போவதும் இல்லை. ஆழம் தாண்டாமல் இருக்க பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். நடுக்கூர் மேலே எட்டிப் பார்த்தால் பலகை போச்சு. இரண்டடி அகலத்துக்கு மூன்று போல்ட். மேல்மட்டம் ஏறி இறங்காமல் நிற்க விளிம்புக்குள் 8 மில்லி மரக்குச்சிகள்.

ஃபார்மிக்காவுக்கு அடியில் இருப்பது சிப்போர்டு, மரச்சீவலை அழுத்திச் செய்த பலகை; தண்ணீர் குடித்தால் ஊதிவிடும், காய்ந்தாலும் பழையபடி ஆகாது. அதனால் வெட்டிய முனைகளில் நீர் தாங்கும் மரப்பசையைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் இன்னொரு பூச்சு. மூட்டும்போது மேல்விளிம்பை ஒட்டி ஒரு கோடு சிலிகான். முன்னே, பின்னே, நடுவே என்று மாற்றி மாற்றி ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன், விரலால் மட்டம் பார்த்தபடியே. சிலிகான் மூட்டின் முழு நீளத்துக்கும் மேலே பிதுங்கி வர வேண்டும். வராத இடத்தில் நாளைக்குத் தண்ணீர் இறங்கும்.

வேறு வழியில் செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். குறிப்பாகப் பழைய கைவேலைக்காரர்கள்.

*

தம்பி, நான் ரப்பர் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவன். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டுக் கதவு ஜன்னல், புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் தொங்கவிடும் சட்டம், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டு அலமாரி, எல்லாமே கைவாளும் இழைப்புளியும்தான். மின்சார மெஷின் எங்கள் கைக்குப் பின்னாளில் வந்தது.

நீ செய்தது சரிதான், ஆனால் இழைத்து இழைத்துப் பொருத்துவது பொறுமையைத் தின்னும். எங்கள் வழி வேறு. இரண்டு பலகையையும் முட்டவைத்து, அசையாமல் கட்டையோடு பிடித்துக்கொண்டு, பொடிப்பல் வாளை மூட்டுக் கோட்டின் மேலேயே ஓட்டுவோம். எங்கே முட்டுகிறதோ அங்கே வாள் இரண்டையும் சமமாகத் தின்னும், இடைவெளி இருக்கிற இடத்தில் சும்மா போகும். திரும்பத் தள்ளிச் சேர்த்தால் முன்பைவிட நெருங்கியிருக்கும். இன்னும் திருப்தி இல்லையென்றால் மறுபடி ஓட்டு. வெறும் மரத்தில் இது சுகம். ஃபார்மிக்காவில் இரண்டு பக்கமும் கீறிவிட்டுத்தான் தொட வேண்டும், கை பழகாதவர்கள் வேண்டாத துண்டில் பழகிவிட்டு வரட்டும்.

இன்னொன்று. முட்டும் முனையின் கீழ்ப்பாதியை அரை நூலுக்கும் (ஒரு நூல் அரைக்கால் அங்குலம்) குறைவாக உள்ளே இழைத்துவிடு. அப்போது மேல்விளிம்புதான் முதலில் சேரும், கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ரொம்ப இழைத்தால் வம்பு: அடியில் போல்ட் இழுக்க இழுக்க மூட்டு மேலே கூம்பிக்கொள்ளும்.

போல்ட் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. மூட்டுக்கு இரண்டு பக்கமும் அடியில் ஒவ்வொரு கட்டையைத் திருகி, ஜி-கிளாம்பால் இரண்டு கட்டையையும் சேர்த்து இழு. ஜி-கிளாம்பும் இல்லையா, பழைய மோட்டார் சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து இரண்டு கட்டையையும் சுற்றி இறுக்கிக் கட்டு. பசை காயும்வரை அது விடாது. காய்ந்த பிறகு குறுக்கே இரும்புப் பட்டை வைத்துத் திருகிவிட்டு, கட்டையைக் கழற்றிக்கொள்ளலாம். திருகாணி பலகையின் கனத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

*

அண்ணே, நாங்கள் போட்டது ரப்பர் மரப் பலகை. சின்னச் சின்னத் துண்டுகளை விரல் மூட்டில் கோத்து ஒட்டி விற்பார்களே, அது. அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். பலகையைப் பார்த்துவிட்டு, "இதை அடுப்புக்குள்ள வெச்சுத்தான் எனக்குப் பழக்கம், நீ அடுப்பையே இது மேல வெக்கிற" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, நம்ம மாவட்டமேதான் அது. ஆனால் பால் வற்றிய மரம் ரொம்ப காலம் விறகாகத்தான் போனது, மேசை நாற்காலியாக ஆனதெல்லாம் பிற்பாடு. வெட்டியதும் மருந்து ஏற்றிக் காயவைக்காவிட்டால் மரத்தில் நீலம் பாய்ந்துவிடும், வண்டும் துளைக்கும். அதைக் கேட்டுத்தான் வாங்கினோம்.

மரப் பலகைக்கு நீங்கள் சொன்ன முறையில் ஒரு மாற்றம் வேண்டும். காற்றில் ஈரம் ஏற ஏற மரம் அகலத்தில் விரியும், நீளத்தில் அவ்வளவாக விரியாது. 'எல்' மூலையில் ஒன்றின் நீளவாக்கும் மற்றதன் அகலவாக்கும் சந்திப்பதால், இரண்டும் ஒரே அளவு அசையாது. பசை போட்டு இறுக்கினால் ஒருநாள் எங்காவது பிளக்கும். சாய்வு மூட்டு இன்னும் மோசம், உள்மூலையிலோ வெளிமூலையிலோ வாய் திறந்துவிடும். நேர் முட்டு மூட்டு, நடுவில் சிலிகான் மட்டும், அடியில் நீளவாட்டுத் துளை உள்ள பட்டை. திருகாணியை அந்தத் துளையின் நடுவில் போட்டால் மரம் நகர இடம் இருக்கும். கேபினெட்டோடு பிடிக்கும் திருகாணிக்கும் அப்படியே துளையைப் பெரிதாக்கிவிட்டோம்.

வெட்டுவதில் சிரமமே இல்லை, சிதற அங்கே ஃபார்மிக்கா ஏது? முனைகள் தண்ணீரை அதிகம் உறிஞ்சும் என்பதால் மூட்டும் முன்பே அங்கே எண்ணெய்ப் பூச்சு கூடுதலாகக் கொடுத்தோம். அப்படியும் மஞ்சள் கறை விழத்தான் செய்கிறது. மீன் கழுவி மசாலா தடவுவதை இப்போது சிங்க்குக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.

*

உருண்டை விளிம்புப் பலகையை வாங்கி வீட்டுக்கே கொண்டுவந்தாயிற்று, இனி என்ன செய்வது என்பவர்களுக்கு: அலுமினியப் பட்டை. மூலைக்கென்றே, பலகையின் வளைவுக்கு ஏற்ற மாதிரி விற்கிறார்கள். ஒரு பலகையின் முனையில் திருகி, இரண்டு பக்கமும் சிலிகான் தடவி, மற்றதைத் தள்ளிச் சேர்த்தால் வேலை முடிந்தது. அழகில்லை என்பார்கள், பட்டை ஓரத்தில் மாவும் சேரும். துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் போட்டது வாடகை வீட்டில், அதற்கு இது போதும்.

*

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் மூட்டு வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே சிங்க் வருகிறது. கிரைண்டரையும் மூலையில்தான் வைப்போம். தாங்குமா?

*

சிங்க்குக்கு வெட்டும் ஓட்டை மூட்டை நெருங்கவே கூடாது. நடுவில் மிஞ்சுவது ஒல்லித் துண்டு, போல்ட் பிடிக்கவும் இடமிருக்காது, தண்ணீரும் எந்நேரமும் நிற்கும். பலகையை எந்தச் சுவரில் முழு நீளத்துக்கு ஓட்டி, எதை அதில் முட்டவைப்பது என்று மாற்றிப் பாருங்கள். மூட்டு சிங்க்கைவிட்டு விலகிப் போக வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் சிங்க்கை நகர்த்துங்கள், குழாயை மாற்றும் செலவு ஊதிய பலகையை மாற்றுவதைவிடக் குறைவு. துணி துவைக்கும் மெஷினுக்கு மேலேயும் மூட்டு வேண்டாம், அடியில் தாங்கக் கேபினெட் இருக்காது.

கிரைண்டர் வைக்கலாம், மூட்டின் மேல் மட்டும் வேண்டாம். ஈர மாவும் அதிர்வும் சேர்ந்தால் சிலிகான் சீக்கிரம் விட்டுவிடும். எப்படியும் மூட்டுக்கு அடியில் சுவரோரத்தில் ஒரு கட்டையைத் திருகி வையுங்கள், மூலையில் கேபினெட் இல்லாத இடம் இருந்தால் கட்டாயம். அப்புறம், தேங்காய்த் துருவியை விளிம்பில் மாட்டி முடுக்குபவர்கள் மூட்டிலிருந்து ஒரு முழமாவது தள்ளி மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் பென்சிலால் கோடே போட்டு வைத்திருக்கிறேன்.