இழை: மார்பிளில் 'எட்ச்சிங்' – இதையும் கறை என்றே எழுதலாமா?

ப.மு., கோவை

அன்பு நண்பர்களுக்கு,

வீட்டுக் கல்தரைப் பராமரிப்புக்கான சொற்பட்டியலில் 'ஸ்டெயின்', 'எட்ச்' இரண்டுக்கும் நேரே 'கறை' என்றே போட்டு வைத்திருக்கிறோம். மாற்றியாக வேண்டும். மார்பிளில் எண்ணெய் ஊறினால் கறை. கல் அப்படியே இருக்கிறது, வேண்டாத ஒன்று உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. எலுமிச்சைச் சாறோ தயிரோ பட்டு வெளுத்தால் அங்கே எதுவும் சேரவில்லை, கல்தான் கொஞ்சம் கரைந்து போயிருக்கிறது. மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும்.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. வீட்டுக்காரர் போனில் "தரையில கறை, வந்து எடுத்துக் குடுங்க" என்கிறார். வருகிறவரும் கறைக்கான சரக்கோடு வருகிறார். தொழில் தெரியாதவராக இருந்தால் அந்தச் சரக்கு ஒரு கேன் ஆசிட். உள்ளங்கை அகலம் இருந்த வெளுப்பு கூடம் முழுக்கப் படரும்.

என் முன்மொழிவு: அமிலத்தடம்.

செ.வ., மதுரை

> அமிலத்தடம்

பொருள் சரி. ஆனால் 'காடி' என்ற பழஞ்சொல் இருக்கிறதே, புளித்த நீருக்கு. காடித்தடம் என்றால் சமையலறைப் புளிப்பு முழுவதும் அதில் அடங்கிவிடும்.

இரா.த., திருச்சி

கட்டட வேலையில் காடி என்றால் வேறு, ஐயா. பைப் பதிக்கச் சுவரில் வெட்டுவது காடி, தச்சர் சட்டத்தில் எடுப்பது காடி. "மார்பிளில் காடித்தடம்" என்று எழுதிக் கொடுத்தால் ஆள் கட்டிங் மெஷினோடு வந்து நிற்பார்.

ஜெ.கா., சென்னை

ப.மு. ஐயா சொன்ன வேறுபாட்டில் எனக்கு மறுப்பே இல்லை. சொல்லில்தான் ஒரு சிக்கல். மெருகேற்றும் வேலையிலேயே அமிலம் இருக்கிறது. மொசைக் தரைக்குக் கடைசியில் ஆக்சாலிக் பவுடர் தூவித் தேய்ப்பார்கள். அரசுப் பொதுப்பணி விவரக்குறிப்பில் சதுர மீட்டருக்கு 33 கிராம் என்று அளவே உண்டு. மார்பிளுக்கும் ஆக்சாலிக் கலந்த பாலிஷ் பவுடர்கள் இருக்கின்றன. அங்கே அமிலம் பளபளப்பைக் கொடுக்கிறது. ஆகவே கெடுத்தது யார் என்பதைவிட, கெட்டது எது என்று பெயரிலேயே தெரியட்டும். போனது மெருகு. மெருகரிப்பு எனலாமே. நடந்து நடந்து வாசல் பக்கம் மங்குவதற்கு மெருகுத்தேய்வு. எண்ணெய், காப்பி, துரு இவற்றுக்குக் கறை இருக்கவே இருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எது எது என்று கண்டுபிடிக்க ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். கறை அநேகமாகக் கல்லைவிடக் கருத்திருக்கும், அதன் மேலும் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஓடும். மெருகரிப்பில் நிறம் வெளிறியிருக்கும், வெளிச்சம் அந்த இடத்தில் செத்துவிடும். டம்ளர் வைத்த வட்டம், பாத்ரூம் வாசலில் கிளீனர் தெறித்த புள்ளிகள் எல்லாம் இந்த வகைதான்.

எண்ணெய்க் கறைக்குப் பற்றுப் போடுவது. சாக் (chalk) பொடியையோ வெள்ளைக் களிமண்ணையோ அசிட்டோனில் தோசைமாவைவிடக் கெட்டியாகக் குழைத்து அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு நாள் விட்டு, பிறகு தாளை எடுத்துத் தானாகக் காயவிட வேண்டும். காயும்போதுதான் எண்ணெய் மேலே ஏறும்; ஈரத்திலேயே சுரண்டி எடுத்தால் பயனில்லை. அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் பூஜை விளக்கும் அணைத்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். இந்தப் பற்றை மெருகரிப்பின் மேல் பத்துத் தடவை போட்டாலும் ஒன்றும் நடக்காது.

மெருகரிப்புக்கு நகம்தான் அளவுகோல். நகத்துக்குத் தட்டுப்படாமல் மங்கல் மட்டும் தெரிந்தால் பாலிஷ் பவுடர், கொஞ்சம் தண்ணீர், வெள்ளைப் பேட் போதும். நகம் தட்டினால், எண் கூடக் கூட நைசாகும் டைமண்ட் பேடில் 400, 800, 1500, 3000 என்று வரிசையாக ஏற வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டினால் முந்தின பேடின் கீறல் அடியில் நின்றுவிடும். ஈரத்தில் தெரியாது, அன்றைக்குத் தெரியவே தெரியாது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியே சாய்வாக விழும்போது சுழல் சுழலாகத் தெரியும். ஒவ்வொரு பேடுக்கும் நடுவில் சேற்றை வழித்துக் கழுவாவிட்டாலும் இதே கதை. பட்ட இடத்தை மட்டும் குடைந்தால் அங்கே குழிவிழும், ஆகவே சுற்றிலும் ஓரடியாவது அகலமாக எடுக்கச் சொல்ல வேண்டும்.

செ.வ., மதுரை

காடியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் 'அரிப்பு' என்றதும் ஜனங்கள் சொறியத்தான் போவார்கள்.

ஜெ.கா., சென்னை

மண்ணரிப்புக்கு யாரும் சொறிவதில்லை, ஐயா. கூட்டுச்சொல்லில் வரும்போது சிக்கல் இல்லை.

ப.மு., கோவை

மெருகரிப்பு எனக்கும் சம்மதம். அமிலத்தடத்தை விட்டுவிடலாம். வரையறையில் எந்தெந்தக் கல் என்றும் சேர்க்க வேண்டுமே. கிரானைட் மேடைக்கு இந்தச் சொல் பொருந்துமா?

இரா.த., திருச்சி

கிரானைட்டில் இருப்பது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார். எலுமிச்சையும் புளியும் அதை ஒன்றும் செய்யா. ஆனால் கடப்பாக் கல்லை மறந்துவிடாதீர்கள். கறுப்பாக இருப்பதால் பலர் அதையும் கிரானைட் என்றே நினைக்கிறார்கள். அது சுண்ணாம்புக் கல். புளி கரைத்த பாத்திரம் வைத்த வட்டம் சாம்பல் நிறத்தில் தெரியும். கோட்டாக் கல்லும் அப்படியே. மொசைக்கில் சில்லும் சிமெண்டும் இரண்டுமே அமிலத்துக்கு ஆகாதவை. வெள்ளை கிரானைட்டில் ஆசிட் ஊற்றினால் வேறு வினை: உள்ளே இருக்கும் இரும்புக் கனிமம் துருவாகி மஞ்சள் படரும். அது மெருகரிப்பில்லை, கறை.

இன்னொன்று. புது வீட்டில் மெருகரிப்புக்குப் பெரிய காரணம் சமையலே அல்ல, கல் பதித்த பிறகு ஒட்டிய சிமெண்டை எடுக்கச் செய்யும் 'ஆசிட் வாஷ்'. வேலை பேசும்போதே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஜெ.கா., சென்னை

அப்படியானால் பட்டியலுக்கு இப்படி:

மெருகரிப்பு – மார்பிள், கடப்பா, கோட்டா, மொசைக் போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள பரப்பில் அமிலம் பட்டு மேற்படலம் கரைந்து பளபளப்புப் போதல். துடைத்தோ பற்றுப் போட்டோ போகாது. தேய்த்து மெருகேற்ற வேண்டும்.

வேலைக்கு ஆள் பேசுவோருக்கு எடுத்துக்காட்டு வாக்கியமும் வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தீர்கள். "கூடத்தில் மெருகரிப்பு சுமார் 40 சதுர அடி, 400 முதல் 3000 வரை ஈர மெருகு, ஆசிட் கூடாது, முதலில் கட்டிலுக்கு அடியில் 2 × 2 அடி மாதிரி காட்ட வேண்டும், ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) அடிக்கணக்கில் தனிக் கூலி, கல்சேற்றை வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும்." இந்தக் கடைசி வரியை யாரும் வெட்ட வேண்டாம். சேற்றைப் பாத்ரூம் குழியில் தள்ளினால் அது குழாய் வளைவில் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் பிளம்பர் கூலி தனி.

இரா.த., திருச்சி

'15 ஆம்பியர் பிளக், எர்த் உள்ளது' என்பதையும் அதில் சேருங்கள். ஈரத் தரையில் மெஷின் ஓட்டுகிறவர் உயிர் சம்பந்தப்பட்டது.

ப.மு., கோவை

சேர்த்துவிட்டேன். அடுத்து 'லிப்பேஜ்', இரண்டு கல் சேருமிடத்தில் ஒன்று தூக்கி நிற்பது. கொத்தனார்கள் சொல்வது 'ஏத்தம் இறக்கம்'. அதையே வைத்துக்கொள்ளலாமா? தனி இழையாகத் தொடங்குகிறேன்.