கிராண்ட்–கோர்ஸ் பண்ணை வீடு: 1890ஆம் ஆண்டின் செங்கல் பகுதிக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

கேள்வி:
அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், டீர் லாட்ஜ் நகரை ஒட்டியுள்ள கிராண்ட்–கோர்ஸ் கால்நடைப் பண்ணையின் வரலாற்றைப் படித்து வருகிறேன். அங்குள்ள பழைய வீட்டின் முன்பகுதி 1862இல் மரத்தால் கட்டப்பட்டது. பின்பகுதி 1890இல் செங்கல்லால் சேர்க்கப்பட்டது. இடையில் வந்த 1886–87 குளிர்காலம் மொன்டானாவின் மந்தைகளைப் பெருமளவில் அழித்தது. அதன்பின் மூன்றே ஆண்டுகளில் உரிமையாளர் வீட்டை இருமடங்காகப் பெரிதாக்கியது எப்படி?

பதில் 1:
உரிமையாளரான கான்ராட் கோர்ஸ் மாடுகளை மட்டுமே நம்பியிருக்கவில்லை. பொன் தேடி வந்து, பேனக் சுரங்க முகாமில் இறைச்சிக் கடைத் தொழிலில் இறங்கியவர் அவர். 1866இல் இந்தப் பண்ணையை 19,200 டாலருக்கு வாங்கியபோதே சுரங்க ஊர்களுக்கு மாட்டிறைச்சி விற்கும் வணிகம் அவர் கையில் இருந்தது. வீட்டைச் சுற்றிய நிலத்தில் உயர்ரக மாடுகளை வளர்த்தார். பெரும் மந்தைகள் தொலைதூரத் திறந்த புல்வெளிகளில் மேய்ந்தன. அந்தக் குளிர்காலத்தில் அவருக்கும் கடும் இழப்புதான். ஆயினும் ஒரு வங்கியாளர் 1,00,000 டாலர் கடன் கொடுக்க முன்வந்ததால், மற்றவர்கள் தொழிலை விட்டு விலகிய வேளையில் அவரால் மீண்டும் மாடுகள் வாங்க முடிந்தது. கடன் கொடுப்பவர் அவர்மீது வைத்த நம்பிக்கையே அவருடைய உண்மையான மூலதனம் என்பது என் கருத்து.

பதில் 2:
கோர்ஸைப் பற்றிப் பேசும்போது வீட்டைக் கட்டிய ஜானி கிராண்டை விட்டுவிடக் கூடாது. ஓரிகன் பாதையில் மேற்கே சென்ற குடியேறிகளிடம் களைத்துப்போன இரண்டு எருதுகளைப் பெற்றுக்கொண்டு, மேய்ந்து தேறிய ஒன்றைக் கொடுப்பது அவர் வணிகம். வாங்கியவை புல் மேய்ந்து தேறியதும் அடுத்த பேரத்துக்கு ஆயத்தமாகிவிடும். செதுக்கிய மரத்தடிகளால் எழுப்பி, வெளியே பலகை அறைந்த அந்த வீட்டில் 28 சன்னல்களும் அவற்றுக்குப் பச்சை வண்ணச் சன்னல் கதவுகளும் இருந்ததாக அக்காலச் செய்தித்தாள் வியந்து எழுதியது. அவருடைய மனைவி குவாரா, ஷோஷோனி இனத்தைச் சேர்ந்தவர். அம்மக்களுடன் இருந்த உறவு கிராண்டின் வணிகத்துக்குப் பெருந்துணையாக இருந்தும், பண்ணையின் பெயரில் கணவர் மட்டுமே இடம்பெற்றிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நிலம் பெரும்பாலும் விற்கப்பட்ட பிறகும் வீட்டின் உட்புறம் மாறாமல் இருந்தது எதனால்?

பதில் 1:
குடும்பம் ஹெலினா நகருக்குக் குடிபெயர்ந்த பின்னும் கான்ராட் கோர்ஸின் மனைவி அகஸ்டா கோடைக்காலங்களில் அங்கு வந்து தங்கினார், அறைகலன்களைப் பேணினார். பின்னர்ப் பண்ணையை நடத்திய அவர்களின் பேரன் கான்ராட் வாரன், 1934இல் கட்டிய தனி வீட்டில் வாழ்ந்ததால் பழைய வீட்டை இடித்து மாற்றவேண்டிய தேவை எழவில்லை. 1972இல் அது தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்புக்கு வந்தபோது, குடும்பத்தின் அறைகலன்களும் அதனுடனேயே கிடைத்தன.