தாத்தா பெட்டியில் இருந்த குக்ரி

குழு: ஆயா வீட்டுச் சொந்தங்கள்

கீதா அத்தை: பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கிவிட்டோம். சாவி கிடைக்கவில்லை, பூட்டை உடைத்தோம். உள்ளே போர்வை, பென்ஷன் புத்தகம், அப்புறம் இது.

கீதா அத்தை: [படம்]

சுதா அக்கா: ஐயோ அந்தக் கத்தி! ஆயா விறகு பிளப்பார்களே

பெரியப்பா: விறகுக்கு அப்பா தொடவே விடமாட்டார். பர்மாவில் கூர்க்கா நண்பர் கொடுத்தது அது.

கீதா அத்தை: என்னிடம் பெங்களூரில் வாங்கியது என்றார் அண்ணா

பெரியப்பா: நீ அப்போது கைக்குழந்தை

கீதா அத்தை: சரி விடுங்கள். நாளை காலை பழைய இரும்புக்காரர் வருகிறார். கேட், சைக்கிளோடு இதையும் எடைக்குப் போட்டுவிடவா? வீடு கைமாறுவதற்குள் எல்லாம் காலியாக வேண்டும்.

பிரபு: அத்தை வேண்டாம்!! தயவுசெய்து எடுத்துத் தனியாக வையுங்கள்

பிரபு: அது ராணுவத்துக்காகச் செய்த குக்ரி, நேபாளக் கூர்க்காக்களின் வளைந்த கத்தி. கைப்பிடியைப் பாருங்கள், இரண்டு மரத்துண்டுக்கு நடுவில் இரும்பு விளிம்பு கடைசி வரை தெரிகிறது. அலகின் இரும்பே கைப்பிடி முனை வரை ஓடுகிறது என்று அர்த்தம். மரத்தை இருபுறமும் வைத்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். ஊர்ப் பட்டறையில் செய்யும் குக்ரியில் அலகின் வாலை மெல்லியதாக்கி, கைப்பிடிக்குள் செருகி, அரக்கு வைத்துவிடுவார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்திய ராணுவத்துக்காகச் செய்ததில்தான் இந்த முழு இரும்புக் கைப்பிடியை நிறையப் பார்க்கலாம். கைப்பிடியை ஒட்டி அலகின் பக்கவாட்டில் ஏதாவது பொறித்திருக்கிறதா? வருடம், பட்டறைக் குறி, ஒரு அம்புக்குறி இருக்கலாம். அம்புக்குறி இருந்தால் அரசாங்கச் சரக்கு.

மணி: 👍

கீதா அத்தை: துருவில் ஒன்றும் தெரியவில்லை பிரபு. நல்ல கனம். புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்

பிரபு: புளி கூடவே கூடாது அத்தை. பித்தளைக்குத்தான் புளி. இது கார்பன் எஃகு, புளிப்பு பட்டால் மேலே படிந்திருக்கும் கறுப்பு போய்விடும். அந்தக் கறுப்புதான் இத்தனை வருடம் அதைக் காப்பாற்றியது. செந்துரு மட்டும்தான் எதிரி. தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள், போதும். உப்புத்தாளும் வேண்டாம்.

குமார் சித்தப்பா: பஸ் ஸ்டாண்டு பக்கம் சாணை பிடிக்கிறவர் இருக்கிறார். புதுசாக்கித் தந்துவிடுவார்

பிரபு: சித்தப்பா, சாணைச் சக்கரத்தில் பொறி பறக்கப் பிடித்தால் விளிம்பு சூடேறி நீலமாகும். அதோடு எஃகின் பதம் போச்சு. பொறித்த எழுத்தும் தேய்ந்துவிடும். எழுத்து போனால் அது எந்த வருடத்துக் கத்தி என்று நிரூபிக்க வழியே இல்லை. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சுதா அக்கா: உறையிலிருந்து உருவினால் ரத்தம் பார்க்காமல் திரும்ப வைக்கக் கூடாதாமே? அத்தை உருவிவிட்டார்களா?

கீதா அத்தை: ஐயோ படம் எடுக்கத்தான் உருவினேன்

பிரபு: அது கட்டுக்கதை அக்கா. நேபாளத்தில் தினமும் விறகு, காய்கறி, தசைன் திருவிழாவுக்கு ஆடு எல்லாம் வெட்டுவது அதில்தான். ஆனால் அத்தை, இனி உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் இரும்பை அரிக்கும். கத்தி தனியாக, உறை தனியாக இருக்கட்டும்.

மணி: ஞாயிறு சாப்பாடு என்ன ஏற்பாடு? ஆம்பூரிலிருந்து பிரியாணி சொல்லிவிடவா

சுதா அக்கா: 🙋‍♀️ ஐந்து பேர்

பெரியப்பா: எனக்கு தயிர் சாதம். பிரபு, அப்பா மதராஸ் சேப்பர்ஸில் இருந்தார். ராணுவத்தில் அவர்களுக்குத் தம்பிகள் என்றே பெயர். பாலம் போடுகிற படை. பர்மாவில் களேவா என்ற ஊரில் சிண்ட்வின் ஆற்றுக்கு மேலே 1944 டிசம்பரில் ஆயிரம் அடிக்கு மேல் நீளமாகப் போட்ட பெய்லி பாலத்தை (துண்டு துண்டாகக் கோர்க்கிற இரும்புப் பாலம்) நடந்தே தாண்டினேன் என்பார். மூங்கில் காட்டில் துப்பாக்கியை விட இதுதான் உதவியது என்பார்.

பிரபு: பெரியப்பா, இதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். கத்தியோடு வைக்கிறேன். பர்மா முனையில் கூர்க்காக்கள் அல்லாத படைகளுக்கும் குக்ரி கொடுத்தார்கள், அதனால் தாத்தாவுக்கே நேரடியாகக் கிடைத்திருக்கலாம். நண்பர் கொடுத்ததாகவும் இருக்கலாம். கனமே அதன் வேலைக்காகத்தான். முனைப்பக்கம் பருத்து முன்னால் வளைந்திருப்பதால் வீச்சின் பாரம் முழுவதும் அங்கே இறங்கும். கோடரி, அரிவாள், மண்வெட்டி என்று காட்டில் மூன்று வேலையும் அது ஒன்றே செய்யும். எனக்குத் தெரிந்து நம் சொந்தத்தில் போருக்குப் போனவர் அவர் ஒருவர்தான். அவர் கையில் இருந்த சாமான் இது ஒன்றுதான் மிச்சம்.

கீதா அத்தை: ஒன்றுதானா? பர்மா ஸ்டார் மெடல் எங்கே என்று குமாரைக் கேள்

குமார் சித்தப்பா: திரும்பவும் ஆரம்பித்துவிட்டாயா அக்கா

கீதா அத்தை: கைக்கடிகாரத்தையும் ரிப்பேர் செய்து தருகிறேன் என்று வாங்கிப் போனது யார்?

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேசலாம். குழுவில் வேண்டாம்.

சுதா அக்கா: 🙏

குமார் சித்தப்பா: மெடல் பத்திரமாக என் பீரோவில் இருக்கிறது. கத்தியும் மெடலும் ஒரே இடத்தில் இருப்பதுதான் முறை. நானே வைத்துக்கொள்கிறேன்.

கீதா அத்தை: 😶

மணி: லைசென்ஸ் இல்லாமல் வைத்தால் போலீஸ் கேஸ் ஆகாதா

ரமேஷ் மாமா: ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதக் கணக்கில் வரும், குக்ரியைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, மத்திய அரசு அறிவிக்கை போட்ட பகுதியில்தான் துப்பாக்கி அல்லாத ஆயுதத்துக்கு லைசென்ஸ் தேவை. நம் பக்கம் அப்படி இருக்கிறதா என்று திங்கள் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யாரும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வீட்டிலேயே இருக்கட்டும்.

பிரபு: நன்றி மாமா. அலகு 9 அங்குலத்தைத் தாண்டும் போலத்தான் தெரிகிறது. அத்தை, ஸ்கேல் வைத்து ஒரு படம்

குமார் சித்தப்பா: வீட்டையே விற்கிறோம். வீட்டிலேயே என்றால் யார் வீட்டில்?

பெரியப்பா: ஆயுத பூஜைக்கு எப்போதும் சாமி முன்னால் வைப்போம். மூத்தவன் வீட்டில் இருப்பதுதான் வழக்கம்.

சுதா அக்கா: பிரபுவிடம் கொடுங்கள், அவன்தான் எண்ணெய் போட்டுப் பார்ப்பான்

பிரபு: யார் வீட்டில் வேண்டுமானாலும் இருக்கட்டும் அக்கா. சாணை பிடிக்காமல் இருந்தால் போதும். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை நான் வந்து துடைத்துக் கொடுக்கிறேன்.

கீதா அத்தை: [படம்] பிரபு இதுவா? துடைத்தால் அம்பு மாதிரி ஒன்று தெரிகிறது. பக்கத்தில் 4, அப்புறம் 3 அல்லது 8

பிரபு: அத்தை!!! அதுதான்! போர்க்காலம் என்றால் 43ஆகத்தான் இருக்க வேண்டும், 1943. இனி தொடாதீர்கள், மீதியை நான் வந்து பார்க்கிறேன்

குமார் சித்தப்பா: 43 என்றால் எவ்வளவு போகும்?

பெரியப்பா: குமார்.

மணி: பிரியாணி இதுவரை 11 பேர். குமார் சித்தப்பா வருகிறீர்களா இல்லையா? கடைக்காரர் போனில் காத்திருக்கிறார்